பதினேழாம் துளை

நூற்றுப் பன்னிரண்டு படி.
இறங்கும்போது நான் எண்ணுவதில்லை,
ஏறும்போது முழங்கால் எண்ணும்.
மேலே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்
அணைமீன் வறுவலுக்கு எலுமிச்சை கேட்டுக்கொண்டிருக்க,
அந்த எண்ணெய் வாசம் காற்றுக்குழாய் வழியாகப்
பாதித் தூரம் கூட வரும்.
அதற்குக் கீழே
கான்கிரீட்டின் ஈரம் மட்டும்.

சுரங்கத்தின் இடப்பக்கம் நாற்பத்தொரு துளை.
ஒவ்வொன்றின் வாயிலும் லிட்டர் குவளையைப் பிடித்து
நிறைய எத்தனை வினாடி என்று எழுத வேண்டும்.
பிறகு குவளைக்குப் பின்னால் டார்ச்சை வைத்து
தெளிவா கலங்கலா, இரண்டில் ஒன்று.
நான் லஸ்கர். ஒன்பது வருசமாகத்
தெளிவு என்றே எழுதி வருகிறேன்.

கடைமடைத் தோப்புக்காரர் அப்பாச்சிமுத்து
மனுக் கொடுக்க வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார்:
"கசியறதையெல்லாம் அடைச்சுப் போட்டீங்கன்னா
எந்தென்னைக்கு ஒரு நனைப்பு ஆகுமுங்களே?"
மரத்துக்கு மரம் குழாய் இழுத்துச்
சொட்டை எண்ணி வாழ்கிறவர். கணக்கில் பிழையில்லை.
எனக்குத்தான் சொல்ல வரவில்லை,
முன்னால் நிற்கிற தண்ணீர் அணையைத் தள்ளும்,
அடியில் புகுந்த தண்ணீரோ
மஞ்சள் மூட்டையின் ஒரு மூலையை மட்டும் தூக்கிக்
கனம் பார்க்கும் மண்டிக்காரன்போல
அணையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று.
சொட்டட்டும் என்றுதான் துளையே போட்டிருக்கிறது.

பதினேழாம் துளைக்குப் பதினான்கு வினாடி.
போன ஆடிக்கும் பதினான்கு, பொங்கலுக்கும் பதினான்கு.
ஆவணியில் ஒரு புதன்கிழமை
காங்கேயத்தில் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. கெடா வெட்டு.
நான் படியிறங்கவில்லை.
திரும்பி வரும் பஸ்ஸில், விரலில் குழம்பு வாசத்தோடு,
முந்தின நாளின் நாற்பத்தொரு எண்களையும்
அப்படியே எடுத்தெழுதினேன்.
சந்தேகம் வரக்கூடாதென்று
ஒன்பதாம் துளைக்கு மட்டும் ஒரு வினாடி கூட்டினேன்.

வியாழன் பத்தொன்பது.
வெள்ளி இருபத்தாறு.
அடுத்த செவ்வாய், குவளை நிறைவதற்குள்
வெற்றிலை போட்டு மென்று முடித்துவிடலாம்.
கசிவு குறைகிறதே என்று
சந்தோசம்கூட வந்தது எனக்கு.

உதவிப் பொறியாளர் ஜெசிந்தா வரைபடத்தை விரித்தார்.
"தண்ணி குறையலைங்க. உள்ளயே நிக்குது."
கான்கிரீட்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு
துளையின் தொண்டையில் வெள்ளையாகக் கட்டியிருந்தது.
பக்கத்து அழுத்தமானியில் முள் மூன்று கோடு ஏறியிருந்தது.
"புதன் பதினாலு. வியாழன் பத்தொம்பது.
ஒரே ராத்திரியிலயா?"
சுவரில் ஒரு சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது காலடிச் சாக்கடையைத் தொட்டபோது சொன்னேன்:
"புதங்கிழமை நான் காங்கேயத்துல இருந்தனுங்க மேடம்."

திட்டவில்லை.
சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தார்.
ஒன்பதாம் துளையில் பேனா கொஞ்சம் நின்றது.
ஓரத்தில் எழுதினார்: அளக்கவில்லை.

மறுவாரம் எந்திரம் வந்து துளையைக் குடைந்தது.
பாலாக வந்தது முதலில்.
சுண்ணாம்பா, பாறையிடுக்கின் மண்ணா?
யாரும் வாய் திறக்கவில்லை.
குவளை குவளையாகப் பிடித்து வரிசையில் வைத்தோம்.
ஆறாவதும் வெள்ளை. ஏழாவதும்.
பதினோராவது குவளையில்
டார்ச் வெளிச்சம் அந்தப் பக்கம் வந்தது.
ஜெசிந்தா அங்கேயே ஈரப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மெமோ வந்தது, விதி பதினேழு ஏ.
எண்ணைப் பார்த்துச் சிரித்தேன்.
வீட்டுக்காரிக்கு எதற்கென்று தெரியாமல்
அவளும் ஒரு பேச்சுக்குச் சிரித்தாள்.
பதில் இன்னும் எழுதவில்லை.

இன்று காலை.
பதினேழாம் துளை, பதினொரு வினாடி.
தெளிவு என்று எழுதப்போய்
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
டார்ச்சை இன்னொரு தடவை வைத்தேன்.